கம்பெனி பிஎச்டி என்றால் என்ன? மலையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

ஊட்டியிலும் குன்னூரிலும் முதுகலை முடித்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரு பேச்சு அடிபடுகிறது: "கம்பெனியே காசு கட்டி பிஎச்டி படிக்க வைக்குதாம்." கேட்பவர்கள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். சிலருக்கு அது விலைக்கு வாங்கும் பட்டம். சிலருக்கு, மூன்று வருடம் கழித்துக் கட்டாயம் கிடைக்கப்போகும் வேலை. தேயிலை ஃபேக்டரி நடத்துகிறவர்களிடம் பேசினால், "எங்க சாம்பிளை டெஸ்ட் பண்ணித் தர ஒரு பையன் கிடைப்பான், அவ்வளவுதானே?" என்கிறார்கள். கல்லூரிப் பக்கம் போனால், எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) கையெழுத்தாகிவிட்டது, இனி எல்லாம் தானாக நடக்கும் என்ற நம்பிக்கை.

நான்கும் தவறு. இந்தத் தவறுகளுக்கான விலையைக் கம்பெனியோ பல்கலைக்கழகமோ கொடுப்பதில்லை. தன் இருபதுகளில் நான்கைந்து வருடங்களைப் போட்டுவிட்டு நிற்கிற மாணவர்தான் கொடுக்கிறார். அதனால் இந்த ஏற்பாடு உள்ளே எப்படி இயங்குகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## ஒரு வயல், மூன்று பேர்

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் போடுவதை எடுத்துக்கொள்வோம். நிலம் ஒருவருடையது. விதைக்கும் உரத்துக்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்காரர் முன்பணம் தருகிறார். உழைப்பு மூன்றாமவருடையது, அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் கேரட் இல்லை. அறுவடை யாருக்கு எவ்வளவு என்பதை விதைக்கும் முன்பே பேசியிருந்தால் சண்டை இல்லை. பேசாமல் விட்டிருந்தால், மூட்டை கட்டும் அன்று வரும்.

கம்பெனி பிஎச்டியிலும் மூன்று பேர். ஆய்வுக்கூடம், நூலகம், வழிகாட்டி, பட்டம் தரும் உரிமை ஆகியவற்றை வைத்திருக்கும் பல்கலைக்கழகம் நிலத்துக்காரர். பணமும் பிரச்சினையும் கொண்டுவரும் கம்பெனி மண்டிக்காரர். உழைக்கிறவர் ஆய்வு மாணவர். நம் ஊர்க் கல்லூரிகளில் அவரை 'ஸ்காலர்' என்பார்கள்.

ஆனால் ஓர் இடத்தில் ஆராய்ச்சி கேரட்டைப் போல நடந்துகொள்வதில்லை. கேரட்டை எடை போட்டுப் பிரித்துவிடலாம். மண்டிக்கு ஏற்றிவிட்டால் வயலில் மிச்சம் இல்லை. ஆராய்ச்சியில் விளைவது அறிவு. அதைக் கம்பெனிக்குக் கொடுத்த பிறகும் மாணவர் தலையில் அது இருக்கும், வழிகாட்டியிடம் இருக்கும், ஆய்வேட்டிலும் இருக்கும். போதாததற்கு, அந்த ஆய்வேட்டை ஊருக்கே திறந்து காட்ட வேண்டும் என்பது விதி. இந்த ஏற்பாட்டின் சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

## டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஆய்வேடும்

ஒரு தேயிலை ஃபேக்டரியைக் கற்பனை செய்துகொள்வோம். மழை நாட்களில் பறித்த கொழுந்தில் தூளின் நிறம் மங்கிப்போகிறது, குன்னூர் ஏலத்தில் விலை குறைகிறது என்று முதலாளிக்குக் கவலை. கல்லூரிக்கு வருகிறார்.

வந்த பிரச்சினையை மூன்று விதமாகக் கையாளலாம். முதலாவது, ஆலோசனைப் பணி: ஒரு பேராசிரியர் சாம்பிளைச் சோதித்து, "வாட்டும் நேரத்தைக் கூட்டுங்கள், இத்தனை நிமிடத்தில் உலர்த்தியில் போடுங்கள்" என்று ரிப்போர்ட் தருவார். கட்டணம், ரசீது, முடிந்தது. இரண்டாவது, நிதியுதவித் திட்டம்: கம்பெனி ஒரு தொகை கொடுத்து, குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட வேலையை முடித்துத் தரச் சொல்லும். இதில் பட்டம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. மூன்றாவதுதான் நம் விஷயம்: அதே பிரச்சினைக்குள்ளிருந்து, உலகத்தில் யாருக்குமே இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வியைத் தோண்டி எடுத்து, அதற்கு விடை தேடி முனைவர் பட்டம் பெறுவது.

இந்த வித்தியாசத்தை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். கொழுந்தை வாட்டி, நறுக்கி, காற்றுப் பட வைக்கும்போது இலையில் உள்ள ஒரு நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. நொதி என்பது உயிருள்ள பொருளில் வேதிமாற்றத்தை வேகப்படுத்தும் புரதம். இந்த நொதியின் பெயர் பாலிஃபீனால் ஆக்சிடேஸ். அது இலையில் உள்ள கேட்டகின்கள் என்ற துவர்ப்புப் பொருட்களைத் தியாஃபிளேவின் என்ற பொருளாக மாற்றுகிறது. டிகாஷனின் பளபளப்புக்கும் நாக்கில் சுருக்கென்று பிடிக்கும் துடிப்புக்கும் தியாஃபிளேவின்தான் முக்கியக் காரணம். அது ஒரு கட்டம் வரை கூடும். அப்புறம் தியாருபிகின் என்ற இன்னொன்றாக மாறிக் குறையத் தொடங்கும். அந்த உச்சத்தைப் பிடித்து உலர்த்தியில் தள்ளுவதுதான் ஃபேக்டரியில் இருப்பவரின் திறமை. அனுபவசாலிகள் மூக்காலும் கண்ணாலும் பிடிக்கிறார்கள்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருப்பது. இதைத் திரும்பச் சொன்னால் பிஎச்டி கிடைக்காது. "எங்கள் ஃபேக்டரியில் மழை நாளில் எத்தனை நிமிடம்?" என்பதும் பிஎச்டி ஆகாது, ஏனென்றால் அதன் விடை அந்த ஒரு ஃபேக்டரிக்கு மட்டும்தான் உதவும். "ஈரம் வடியாத கொழுந்தில் இந்த நொதியின் வேகம் எப்படி மாறுகிறது, அந்த மாற்றம் தேயிலை ரகத்துக்கு ரகம் ஏன் வேறுபடுகிறது?" என்று கேட்டால் அது ஆய்வுக் கேள்வி. அதன் விடை குன்னூரிலும் செல்லும், மூணாறிலும் செல்லும், தேயிலை விளையும் வேறு எந்த மலையிலும் செல்லும். அந்த விடையிலிருந்து தன் ஃபேக்டரிக்கான நிமிடக் கணக்கைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல வழிகாட்டியின் பாதி வேலை இந்தக் கேள்வியைப் பிரித்தெடுப்பதுதான் என்பேன். அது சரியாக அமையாவிட்டால் மாணவர் சம்பளம் குறைந்த லேப் டெக்னீஷியனாக மாறிவிடுவார். மூன்றாம் வருடம் கையில் ஆயிரம் அளவீடுகள் இருக்கும், ஆய்வேடு இருக்காது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: பிரச்சினை கம்பெனியிலிருந்து வருகிறது, அதிலிருந்து எல்லோருக்கும் புதிதான ஒரு கேள்வி பிறக்க வேண்டும். டெஸ்ட் மட்டும் போதும் என்றால் அதற்கு ஆலோசனைப் பணி இருக்கிறது, பிஎச்டி தேவையில்லை.

## பட்டத்தைக் கம்பெனி தர முடியுமா?

முடியாது. இதில் விதி தெளிவாக இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2022இல் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைப்படி, கம்பெனி பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மாணவர் ஒரே பாதையில்தான் நடக்க வேண்டும். சேர்க்கைத் தகுதி வேண்டும். குறைந்தது 12 கிரெடிட் பாடநெறியை முடிக்க வேண்டும். இதைத்தான் 'கோர்ஸ்வொர்க்' என்கிறோம். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று வேலையை விளக்க வேண்டும். குறைந்தது 3 ஆண்டு, சாதாரணமாக அதிகபட்சம் 6 ஆண்டு.

கடைசியில் ஆய்வேடு வெளித் தேர்வாளர்களிடம் போகும். குறைந்தது இரண்டு பேர், அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்காதவர்கள். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து கேட்கக்கூடிய பொது வாய்மொழித் தேர்வு, 'வைவா'. இந்த வரிசையில் கம்பெனிக்கு மதிப்பெண் போடும் நாற்காலி எங்கேயும் இல்லை. கம்பெனி தரப்பில் ஒரு விஞ்ஞானியோ மேலாளரோ தொழில்துறை வழிகாட்டியாக இருப்பார். பல்கலைக்கழக விதி இடம் கொடுத்தால் அவர் இணை வழிகாட்டியாகவும் ஆகலாம். அவர் கருத்துக்கு மதிப்பு உண்டு. தீர்ப்பு அவருடையதல்ல.

"காசு கொடுத்தால் பட்டம்" என்ற சந்தேகத்துக்கு இதுவே பதில். பணம் ஆய்வுச் செலவுக்கும் மாணவரின் வயிற்றுக்கும் போகிறது, தேர்வாளரின் பேனாவுக்குப் போவதில்லை.

## பணம் எந்த வழியில் வரும்?

இரண்டு வழிகள் பொதுவாக உண்டு. ஒன்று, மாணவர் முழுநேரமாகப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து, கம்பெனியிடமிருந்து உதவித்தொகை பெறுவது. இன்னொன்று, கம்பெனியில் ஏற்கெனவே சம்பளம் வாங்குகிறவர் பகுதிநேரமாகப் பதிவு செய்வது. இரண்டாவது வழிக்குத் தடையில்லாச் சான்று வேண்டும். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, வேலைக்கு நடுவே ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும், பாடநெறிக்குத் தேவையானால் பணியிலிருந்து விடுவிப்போம் என்று நிறுவனம் எழுதித் தரும் கடிதம் அது. பலர் இதை வெறும் சம்பிரதாயத் தாளாகப் பார்க்கிறார்கள். உற்பத்தி நெருக்கடி வரும் மாதத்தில் மாணவரைக் காப்பாற்றும் ஒரே தாள் அதுதான்.

தொகை நியாயமா என்று எடை போட ஓர் அளவுகோல்: யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகை, ஜேஆர்எஃப், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக்கு 42,000. கம்பெனி இதைவிட மிகக் குறைவாகச் சொன்னால் ஏன் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

அரசும் பங்கு போட்டுக்கொண்ட திட்டங்கள் உண்டு. இந்தியாவில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை சார்ந்த ஆராய்ச்சி வாரியமும், தொழில் கூட்டமைப்பான சிஐஐயும் சேர்ந்து நடத்திய பிரதமர் ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் பாதித் தொகை அரசுடையது, மறுபாதி கம்பெனியுடையது. பிரான்ஸில் 1981இல் தொடங்கிய சிஃப்ரே திட்டத்தில் கம்பெனி மாணவரை மூன்று வருடத்துக்கு ஊழியராகவே எடுத்துக்கொள்கிறது. அதற்கு அரசு மானியம் தருகிறது. டென்மார்க்கில் 1970களிலிருந்தே இப்படி ஓர் ஏற்பாடு நடக்கிறது. மாணவர் கம்பெனி ஊழியர், நேரம் இரண்டு இடத்துக்கும் பாதிப் பாதி. அந்த நேரப் பங்கீடு எழுத்தில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். நம்மூரில் பெரும்பாலும் அதை வாய்ப்பேச்சிலேயே விட்டுவிடுகிறோம்.

பட்டம் முடிந்ததும் வேலை? ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

## ரகசியமும் ஆய்வேடும்

இதுதான் விஷயத்தின் நடு எலும்பு. கம்பெனி பணம் போடுவது போட்டியாளரை முந்த. பல்கலைக்கழகம் பட்டம் தருவது அறிவைப் பொதுவில் வைப்பதற்காக. ஆய்வு ஏற்கப்பட்டதும் ஆய்வேட்டின் மின்பிரதியைக் காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் மையத்துக்கு அனுப்ப வேண்டும். அது ஷோத்கங்கா என்ற தளத்தில் ஏறும். யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம், போட்டிக் கம்பெனிக்காரர் உட்பட.

இந்த இழுபறி நூறு வருடத்துக்கு மேல் பழையது. டப்ளின் நகரில் கின்னஸ் மது ஆலையில் வில்லியம் கோசெட் என்ற வேதியியலாளர் வேலை பார்த்தார். சில பாத்தி பார்லியை மட்டும் சோதித்துவிட்டு எந்த ரகம் உண்மையிலேயே மேல் என்று சொல்வது எப்படி என்பது அவர் பிரச்சினை. அன்றைய புள்ளியியல் பெரிய எண்ணிக்கைகளுக்கே பழகியிருந்தது. ஆலை அவரை 1906இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனிடம் ஒரு வருடம் அனுப்பிவைத்தது. விடை கிடைத்தது. ஆனால் ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதுவதை ஆலை விரும்பவில்லை. அதனால் 1908இல் அந்தக் கட்டுரை 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வந்தது. இன்று வேளாண்மை படிக்கும் ஒவ்வொரு மாணவரும் போடும் 'ஸ்டூடன்ட் டி' சோதனை அதுதான்.

கோசெட் செய்தது முனைவர் பட்ட ஆய்வு இல்லை. ஆனாலும் வழி அங்கேயே தெரிந்துவிடுகிறது. எந்த பார்லி, எந்தப் பக்குவம் என்பது ஆலைக்குள் இருந்தது. குறைந்த எண்ணிக்கையை வைத்து எப்படி முடிவெடுப்பது என்ற முறை உலகத்துக்கு வந்தது. நல்ல கம்பெனி பிஎச்டி ஒப்பந்தமும் இப்படித்தான் பிரிக்கிறது: பொதுவான இயக்கமும் முறையும் ஆய்வேட்டுக்கு, குறிப்பிட்ட பக்குவம் கம்பெனிக்கு. நம் தேயிலை உதாரணத்தில், நொதியின் வேகம் ஈரத்தோடு எப்படி மாறுகிறது என்பது ஆய்வேட்டில் வரும். அந்த ஃபேக்டரி எந்தத் தோட்டத்துக் கொழுந்தை எந்த விகிதத்தில் கலக்கிறது என்பது வராது.

இந்தப் பிரிவுக்கு உதவும் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று ரகசியக் காப்பு உடன்படிக்கை: கம்பெனி காட்டும் தகவலில் எதை வெளியே சொல்லக் கூடாது என்ற பட்டியல். அது பட்டியலாக இருக்க வேண்டும். "கம்பெனியில் பார்த்த எல்லாமே ரகசியம்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், ஏனென்றால் அந்த வரி ஆய்வேட்டையே விழுங்கிவிடும்.

இன்னொன்று காப்புரிமை: ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு மற்றவர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை. இந்தியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. நீங்களே உங்கள் கட்டுரையில் வெளியிட்டுவிட்டாலும் அது பழையதாகிவிடும். விதிவிலக்குகள் மிகக் குறுகலானவை. அதனால் வரிசை முக்கியம்: முதலில் காப்புரிமை விண்ணப்பம், பிறகு கட்டுரை, பிறகு ஆய்வேடு. முழு விவரமும் தயாராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தற்காலிக விவரத்தோடு விண்ணப்பித்துவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். ஆகவே கட்டுரையைச் சில மாதம் தள்ளிவைக்கச் சொல்லும் கம்பெனி நியாயமானதைக் கேட்கிறது. முடிவில்லாமல் தள்ளிவைக்கச் சொன்னால் அது நியாயம் இல்லை. எத்தனை நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுத வேண்டும்.

உரிமை யாருக்கு என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். கம்பெனி ஏற்கெனவே கொண்டுவந்த அறிவு கம்பெனிக்கே. ஆய்வின்போது புதிதாகப் பிறந்ததைத்தான் பங்கு பேச வேண்டும். உரிமை யார் பெயரில் இருந்தாலும், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மாணவரின் பெயர் வர வேண்டும்.

சரி, இந்தப் பகுதியின் சாரம்: மறைக்க வேண்டியதும் திறக்க வேண்டியதும் முதல் நாளே பிரிக்கப்பட வேண்டும், காப்புரிமை முன்னால், வெளியீடு பின்னால்.

## எம்ஓயு போதுமா?

எம்ஓயு எனும் புரிந்துணர்வு ஒப்பந்தம் "சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறோம்" என்று இரு நிறுவனங்கள் சொல்வது. பெரும்பாலும் அதில் பணத்தொகை இருக்காது, மாணவரின் பெயரும் இருக்காது. அது நல்ல தொடக்கம். பணம், காலம், உரிமை, வெளியீடு, இரு வழிகாட்டிகளின் பொறுப்பு ஆகியவை தனியாக ஓர் ஆய்வு ஒப்பந்தத்தில் வர வேண்டும். அதை மாணவர் படிக்க வேண்டும். பல இடங்களில் மாணவருக்கு அதைக் காட்டுவதே இல்லை. தன் உழைப்பைப் பற்றிய தாளைத் தானே பார்க்காமல் ஒருவர் ஐந்து வருடம் உழைப்பது சரியல்ல.

## நம் மலையில் கம்பெனியின் நாற்காலியில் யார்?

நீலகிரியில் பெரிய எஸ்டேட்டுகள் சில, இலை வாங்கி அரைக்கும் சிறு ஃபேக்டரிகள் பல. ஒரு சிறு ஃபேக்டரி தனியாக ஒரு பிஎச்டியைத் தாங்குவது கஷ்டம். ஆனால் சேர்ந்து தாங்கும் பழக்கம் இந்த மலைக்குப் புதிதல்ல. தோட்டக்காரர்களின் அமைப்பான உபாசி 1926லேயே கூடலூர்ப் பக்கம் தேவர்சோலையில் தேயிலை ஆய்வு நிலையம் தொடங்கியது. அது பின்னர் வால்பாறைக்குப் போனது. தனித்தனியாக முடியாததைச் சங்கமாகச் சேர்ந்து செய்தார்கள். அதே வழியில் பத்து ஃபேக்டரிகளோ ஒரு கூட்டுறவுச் சங்கமோ சேர்ந்து ஒரு மாணவரைத் தாங்கலாம். கிடைக்கும் விடை பத்துப் பேருக்கும் பொது என்பதால் ரகசியச் சிக்கலும் பாதியாகக் குறையும்.

பழனி மலையில் நிலைமை இன்னும் வேறு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் அதை விளைவிப்பவர்கள் சிறு விவசாயிகள். பூண்டை எப்படிச் சேமித்தால் காரமும் மணமும் குறையாமல் இருக்கும் என்பது அருமையான ஆய்வுக் கேள்வி. கொடைக்கானலிலேயே 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் இருக்கிறது. கம்பெனியின் நாற்காலியில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உட்கார என்ன தடை? பணம்தான். அரசு பாதி போடும் ஏற்பாடு இப்படிப்பட்டவர்களுக்குத்தான் முதலில் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

காட்டுச் செடிகளை வைத்து மருந்தோ அழகுப் பொருளோ செய்ய வரும் கம்பெனிகள் விஷயத்தில் இன்னொரு கவனம் தேவை. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, வணிக நோக்கில் உயிர்வளத்தை எடுக்கும் இந்திய நிறுவனம் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கோத்தர், குறும்பர், இருளர், பளியர் போன்ற மக்களிடமிருந்து வந்த அறிவு என்றால், பலனில் அவர்களுக்குப் பங்கு என்பதும் அந்தச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அப்படிப்பட்ட ஆய்வில் மூன்று பேர் போதாது. நான்காவது தரப்பாக அவர்களும் பேச்சில் உட்கார வேண்டும். பட்டம் வாங்கியவரும் கம்பெனியும் போன பிறகு ஊர்க்காரர்களிடம் எதுவும் மிஞ்சாத ஆய்வை நான் நல்ல ஆய்வு என்று ஏற்கமாட்டேன்.

## நடுவழியில் கம்பெனி விலகினால்?

டிஜிட்டல் கேமரா வந்த பிறகு, ஊட்டியில் ஃபோட்டோ ஃபிலிம் தயாரித்த எச்பிஎஃப் ஆலை மூடப்பட்டது இங்கே எல்லோருக்கும் தெரியும். மூன்று, நான்கு வருடம் என்பது ஒரு தொழிலின் வாழ்க்கையில் நீண்ட காலம். மேலாளர் மாறலாம், நிறுவனம் கைமாறலாம், அந்தப் பொருளையே நிறுத்திவிடலாம்.

மாணவரின் பதிவு பல்கலைக்கழகத்தில் இருப்பதால் அது உடனே அழிந்துவிடாது. வழிகாட்டி இருக்கிறார், குழு இருக்கிறது. நின்றுபோவது இரண்டு: மாதாந்தரப் பணம், கம்பெனி வளாகத்துக்குள் நுழையும் அனுமதி. முதலாவதற்கு, விலகுவதாக இருந்தால் இத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், அதுவரை தொகை தொடரும் என்ற ஷரத்து உதவும். இரண்டாவது அதைவிடக் கடினம், ஏனென்றால் இரண்டு வருடம் எடுத்த அளவீடுகள் கம்பெனியின் கணினியில் மாட்டிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு ஷரத்து உண்டு: அன்றுவரை சேர்த்த தரவுகளை மாணவர் ஆய்வேட்டுக்குப் பயன்படுத்தலாம், அவற்றின் பிரதி ஒவ்வொரு பருவத்திலும் வழிகாட்டியிடம் ஒப்படைக்கப்படும். முதல் சாம்பிளைக் கையில் எடுக்கும் முன் இந்த இரண்டு ஷரத்துகளும் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வழிகாட்டியிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் என்றால் அது அரைப் பக்க வேலை.